தேனா, மஞ்சளா, பூண்டா: மருந்துக்கு அடங்காத கிருமியிடம் எது நிற்கும்?

குடியாத்தத்தில் என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை. போன வருஷம் கால் கட்டைவிரலில் புண் வந்ததும் பதினைந்து நாள் மஞ்சள் பத்து போட்டே ஓட்டிவிட்டோம். அப்புறம் வேலூருக்குக் கூட்டிப் போனபோது, காய்ந்து இறுகியிருந்த அந்த மஞ்சளை நர்ஸ் சலைன் விட்டு ஊறவைத்துத் துளித்துளியாக எடுத்தார், அடியில் ஒரே சீழ். புண்ணில் இருந்த கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு நேராக வரிசையாக 'ஆர்', அதாவது கிருமி அந்த மருந்துக்கெல்லாம் அடங்காது. 'எஸ்', அதாவது அடங்கும் என்று போட்டிருந்தது இரண்டே இரண்டு.

மஞ்சளில் கிருமியைத் தாக்கும் குர்குமின் இருப்பது நிஜம்தான். ஆனால் 100 கிராம் தூளில் அது சில கிராம்தான் தேறும், சாப்பிட்டாலோ ரத்தத்தில் சேர்வது மிகமிகக் குறைவு. மிளகு சேர்த்தால் கூடும், அதுவும் ஒரு தொற்றை அடக்கப் போதாது.

பூண்டு இன்னும் வீரியமானது. நசுக்கும்போதுதான் அதில் அல்லிசின் உண்டாகிறது, 1944இலேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள், ஆய்வகத்தட்டில் பல ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியைக்கூட அது கொல்கிறது. முழுப் பல்லை ரசத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால் அல்லிசின் உண்டாகவே வழியில்லை. பச்சையாக அரைத்துப் புண்மேல் கட்டினால் தோல் வெந்து கொப்பளிக்கும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

மூன்றில் என் ஓட்டு தேனுக்கு. சர்க்கரை அடர்த்தியால் கிருமியின் நீரை உறிஞ்சும், புளிப்புத்தன்மை உண்டு, ஹைட்ரஜன் பெராக்சைடும் மெல்லக் கசியும். இப்படிப் பல பக்கம் தாக்குவதால் கிருமி பழகிக்கொள்வது கடினம். மேலோட்டமான தீக்காயம் தேன் டிரெஸ்ஸிங்கில் சீக்கிரம் ஆறுகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. ஆனால் மருத்துவமனைத் தேன் காமா கதிர் பாய்ச்சிச் சுத்தம் செய்தது. ஜவ்வாது மலைத் தேன் எவ்வளவு அசலாக இருந்தாலும் அதில் கிருமி வித்துகள் இருக்கலாம், அதனால் திறந்த புண்ணில் ஊற்றக் கூடாது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாக்கில் தடவவும் கூடாது.

சிறுநீர்த் தொற்று, டைபாய்டு, நிமோனியா என்று உடம்புக்குள் போய்விட்டால் இந்த மூன்றுமே கிட்ட நிற்காது. பெரியம்மாவின் விரலைக் காப்பாற்றியது அந்த 'எஸ்' மருந்துகளில் ஒன்றுதான்.

சர்க்கரை உள்ளவர்கள் காலில் புண் கண்டால் ஒருநாள்கூடப் பத்து போட்டுப் பார்க்க வேண்டாம். முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சருக்கு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், ஆன்டிபயாட்டிக் உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி சரியாக வளராமல் போய்விடலாம்.