இரத்ததானம்: தனியாகப் போவதா, கம்பனி முகாமா?

2014 முதல் இலங்கையில் இரத்தம் முழுக்கத் தன்னார்வக் கொடையாளரிடமிருந்தே வருகிறது. நோயாளியின் சொந்தக்காரர் ஆள் தேடி ஓடிய காலம் போய்விட்டது. கொழும்பில் கொடுக்க நினைப்பவருக்கு இப்போது இரண்டு வழி.

நாரஹேன்பிட்டியில் உள்ள தேசிய இரத்த நிலையத்துக்கு நேரே போகலாம். வயது 18 முதல் 60, எடை 50 கிலோவுக்குக் குறையக்கூடாது, போன தடவை கொடுத்து நான்கு மாதமாகியிருக்க வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய்வர அரை நாள் கரையும், அதுதான் குறை.

அலுவலக முகாமில் மருத்துவக் குழுவே வாசலுக்கு வருகிறது. சம்பளமும் வெட்டுப்படாது. ஊசிக்குப் பயந்தவர்கூட, பக்கத்து மேசைக்காரர் எழும்பினால் தானும் எழும்பிவிடுகிறார்! புதுக் கொடையாளரைச் சேர்ப்பதில் தனி ஆள் இதோடு போட்டி போட முடியாது.

ஆனால் இரத்தம் கனகாலம் தாங்காது. செங்குருதிக் கலங்களை ஐந்தாறு வாரம் வைத்திருக்கலாம். இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளுக்கோ பெரும்பாலும் 5 நாள்தான். ஆண்டுவிழாவன்று ஒரேயடியாகக் கொடுத்து, பதாகைக்கு முன்னால் படமும் எடுத்துவிட்டு மறுவருடம் வரை ஓய்ந்தால், இடையில் இரத்தப்போக்கோடு வரும் டெங்கு நோயாளிக்கோ புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் பிள்ளைக்கோ அது உதவாது. வருடம் முழுக்கத் தவணை தவறாமல் போகிறவர்தான் அங்கே கைகொடுக்கிறார். என் வாக்கு அவருக்கே.

முகாம் வைக்கும் கம்பனிகள் திகதியை இரத்த நிலையத்திடமே கேட்டுத் தீர்மானிக்கட்டும். பிறகு தனியாகப் போகும் ஊழியருக்கு அந்த அரை நாள் லீவையும் கொடுக்கட்டும்.