கூலன்ட் மாற்றும் கிட்: புனலுக்குக் காசு கொடுக்கலாம், பாட்டிலுக்கு வேண்டாம்

வீட்டிலேயே கூலன்ட் மாற்றுகிறவர்களுக்கென்று எல்லாம் ஒரே பெட்டியில் வரும் கிட் ஒன்றை வாங்கி, என் பழைய பெட்ரோல் காரில் முழுசாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். உள்ளே இருப்பது சிந்தாமல் ஊற்ற ஒரு பெரிய புனல், அதை ரேடியேட்டர் வாயில் பொருத்த விதவிதமான மூடிகள், ஒரு வளைந்த குழாய், புனலின் அடியை அடைக்க நீளமான ஒரு கம்பி, அப்புறம் ரேடியேட்டர் ஃப்ளஷ் என்று எழுதிய ஒரு பாட்டில். வாங்கலாமா என்று கேட்டால், புனல் செட் தனியாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், பாட்டிலும் சேர்ந்து வருகிறதே என்பதற்காக இந்தக் கிட்டை வாங்காதீர்கள்.

முதலில் புனல். ஊற்றுவதற்கு வீட்டில் புனலே இல்லையா என்று நினைப்பீர்கள், நானும் வாங்கும் முன் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்த வேலையில் பழசை வடிப்பதும் கழுவுவதும் பெரிய விஷயமே இல்லை, திரும்ப நிரப்பும்போது உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்றுதான் படுத்துகிற இடம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட், அதாவது சூடானால் மட்டும் திறந்து கூலன்டை ரேடியேட்டர் வழியாகச் சுற்ற விடும் வால்வு, மூடியிருக்கும், அதனால் நீங்கள் ஊற்றுகிற கூலன்ட் ரேடியேட்டரை நிரப்பிவிட்டு வாய் வரை வந்து நிற்கும், நிறைந்துவிட்டது போலவும் தெரியும். உள்ளே சிலிண்டர் ஹெட்டிலும் ஹீட்டர் குழாய்களிலும் காற்று அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்த நிலையில் மூடியைப் போட்டு ஓட்டினால் டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று சத்தம் வரும், ஹீட்டர் ஒரு நேரம் சூடாகவும் ஒரு நேரம் குளிர்ச்சியாகவும் ஊதும், டெம்பரேச்சர் முள் ஏறி இறங்கி பயமுறுத்தும். இதில் மோசமானது, சென்சாரின் முனை காற்றுக்குள் நின்றுவிட்டால் இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தாலும் முள் பேசாமல் கீழேயே கிடக்கலாம் என்பதுதான்.

இந்தப் புனல் ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக இறுக்கமாக உட்கார்ந்துகொள்கிறது. மொத்த சிஸ்டத்திலும் உயரமான இடம் இப்போது புனல்தான், காற்று வெளியேற அதுவே வழி. அதில் கால்வாசிக்குக் கூலன்ட் ஊற்றி வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி, இன்ஜினை ஐடிலில் ஓட விட்டால் போதும். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் பொடிப்பொடிக் குமிழ்கள் வரும். மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள், அது திடீரென்று சூடாகும் நேரத்தில், அதாவது தெர்மோஸ்டாட் திறந்ததும், புனலில் இருக்கும் மட்டம் லபக்கென்று இறங்கும், உடனே முட்டை அளவுக்கு ஒரு குமிழ் மேலே வந்து வெடிக்கும். அதைப் பார்ப்பதற்கே புனல் வாங்கலாம். கீழ் ஹோஸை லேசாக அமுக்கி அமுக்கி விட்டால் இன்னும் கொஞ்சம் வரும், ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை சுழன்று நிற்கும் வரை பொறுத்திருந்தால் பெரும்பாலான கார்களில் காற்று போய்விடும். சூட்டில் கூலன்ட் விரிந்து மேலே ஏறினாலும் புனல் தாங்கிக்கொள்கிறது, தரையில் ஒரு சொட்டு விழவில்லை. காரின் முன்பக்கம் கொஞ்சம் உயரமாக இருப்பது போலச் சரிவில் நிறுத்திக்கொண்டால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும். சில கார்களில் காற்றை விட என்றே தனியாக ஒரு சின்ன ஸ்க்ரூ மேல் ஹோஸ் பக்கம் இருக்கும், இருந்தால் அதையும் திறக்க வேண்டும், புனல் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

குறைகள் இல்லாமல் இல்லை. மூடிகளுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் மெல்லிசு, திருகும்போது மடிந்து ஓரமாக நழுவுகிறது, கவனிக்காவிட்டால் அங்கிருந்துதான் கசியும். எந்த மூடி எந்தக் காருக்கு என்று கிட்டோடு வந்த தாளில் ஒரு வரி கூட இல்லை, ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டியதுதான். எக்ஸ்பான்ஷன் டேங்கில், அதாவது சூட்டில் விரியும் கூலன்டுக்கு இடம் கொடுக்கும் தொட்டியில், மரையுள்ள மூடி இருக்கும் கார்களுக்கு இதில் ஒன்றிரண்டு அளவுகள்தான் உண்டு. புனலில் அளவுக் கோடுகள் கிடையாது, இது வெறும் சோம்பேறித்தனம், நான்கு கோடு அச்சடிக்க என்ன செலவு? எவ்வளவு ஊற்றினோம் என்பது இந்த வேலையில் எவ்வளவு முக்கியம் என்று கீழே சொல்கிறேன். அடைப்புக் கம்பி மட்டும் நன்றாகச் செய்திருக்கிறார்கள், முனையில் கூம்பு வடிவ ரப்பர், அழுத்திவிட்டுப் புனலை அப்படியே தூக்கினால் மீதிக் கூலன்ட் உள்ளேயே நிற்கிறது, கேனுக்கு மேலே கொண்டுபோய்க் கம்பியை உருவினால் முடிந்தது.

வடிப்பதற்கு இந்தக் கிட்டில் எதுவுமே இல்லை. ரேடியேட்டரின் கீழே ஒரு மூலையில் இருக்கும் பிளாஸ்டிக் திருகில் மாட்ட ஒரு சின்ன குழாயாவது வைத்திருக்கலாம், ஏனென்றால் பல கார்களில் அந்தத் திருகைத் திறந்தால் கூலன்ட் நேராகக் கீழே விழாது, கீழ்க்கவரில் பட்டு நாலா பக்கமும் சிதறும். அந்தத் திருகு பழசாக இருந்தால் பிளையர் போட்டு முறுக்காதீர்கள், பிளாஸ்டிக் சூட்டில் நொறுங்குகிற பதத்துக்கு வந்திருக்கும், காது உடைந்து கையோடு வந்துவிடும். கையால் திரும்பவில்லை என்றால் கீழ் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்திக் கழற்றுவதுதான் நல்லது. ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் முதலில் இடம் வலமாகத் திருகிவிட்டுப் பிறகு உருவுங்கள். மேல் மூடியைத் திறந்து வைத்தால்தான் சீராக வடியும். இதையெல்லாம் இன்ஜின் முழுசாக ஆறிய பிறகுதான் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன், சிஸ்டம் அழுத்தத்தில் இருப்பதால் உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அமைதியாக இருக்கும், மூடியைத் திறந்த நொடியில் ஆவியாகிக் கொப்பளித்து முகத்துக்கு வரும்.

இப்போது அந்தப் பாட்டில். பத்தே நிமிடத்தில் துருவும் கறையும் நீங்கும் என்று லேபிளில் போட்டிருக்கிறார்கள். எந்தப் பத்து நிமிடம்? இன்ஜினை ஸ்டார்ட் செய்ததிலிருந்து என்றால் அதில் பாதிக்கும் மேல் தெர்மோஸ்டாட் மூடித்தான் இருக்கும், ஊற்றிய மருந்து ரேடியேட்டர் வழியாகச் சுற்றவே ஆரம்பித்திருக்காது. மேல் ஹோஸ் சூடான பிறகுதான் நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும், இதை லேபிளிலும் சொல்லவில்லை, தாளிலும் சொல்லவில்லை. வெளியே வந்த தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருந்தது, உண்மைதான், ஆனால் மருந்தே ஊற்றாமல் வெறும் தண்ணீரில் முதல் முறை கழுவியபோதும் அதே கலங்கல்தான் வந்தது. மருந்தின் நுரை போக அதற்குப் பிறகு திரும்பத் திரும்பத் தண்ணீர் விட வேண்டியிருந்தது, கடுப்பாகிவிட்டது.

ஃப்ளஷ் மருந்தே ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. கூலன்ட் போடாமல் வெறும் குழாய்த் தண்ணீரிலேயே ஓடிய வண்டிகளில் கால்சியம் படிவமும் துருவும் சேர்ந்திருக்கும், அதற்கு சிட்ரிக் அமிலம் மாதிரியான மென்மையான அமிலம் உள்ள மருந்து வேலை செய்யும். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் சோப்பு வகை வேண்டும், அமிலம் அதை ஒன்றும் செய்யாது. இந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தெளிவாக எழுதவே இல்லை, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை, இப்போதைய ரேடியேட்டர்கள் பெரும்பாலும் அலுமினியம், காரமான மருந்து எதையாவது நீண்ட நேரம் உள்ளே விட்டால் அதை அரித்துவிடும். ரொம்பப் பழைய ரேடியேட்டரில் இன்னொரு வம்பும் உண்டு, பொடி ஓட்டைகளை அந்தப் படிவமே அடைத்துக்கொண்டிருக்கும், மருந்து அதைக் கரைத்ததும் கசிய ஆரம்பிக்கும். வடித்த கூலன்ட் நிறம் மாறாமல் தெளிவாக இருந்தால் மருந்தே வேண்டாம், தண்ணீர் போதும். அது பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது என்று அர்த்தம், ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ போயிருக்கலாம், அதை மெக்கானிக்கிடம் காட்டாமல் கழுவிக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை.

இனி அளவு விஷயம். கிட்டோடு வந்த தாளில் "கழுவிய பின் 50:50 கலந்த கூலன்டை நிரப்பவும்" என்று ஒரு வரி இருக்கிறது. அப்படிச் செய்தால் கலவை தப்பாகிவிடும். ரேடியேட்டரைத் திறந்துவிட்டால் ரேடியேட்டரில் இருப்பதுதான் வடியும், இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் இருப்பது அங்கேயே தங்கிவிடும். மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர், வடிந்தது 3.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கழுவி முடித்த பிறகு உள்ளே 2.5 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. அதன் மேல் ஏற்கெனவே தண்ணீரோடு பாதிப் பாதி கலந்து விற்கும் கூலன்டை 3.5 லிட்டர் ஊற்றினால் கூலன்டின் மூலப்பொருளான கிளைக்கால் 1.75 லிட்டர்தான் சேரும், மொத்தத்தில் 30 சதவீதம் கூட வராது, துருவைத் தடுக்கும் ரசாயனமும் அதே கணக்கில் குறைந்துபோகும். கழுவிய சிஸ்டத்துக்குத் தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட்தான் வாங்க வேண்டும், முதலில் 3 லிட்டர் அதை ஊற்றிவிட்டு மீதி அரை லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் விட்டால் கணக்கு சரியாக வரும். உங்கள் காரின் கொள்ளளவு கையேட்டில் இருக்கும், வடித்ததை அளந்து பார்த்துவிட்டு இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். புனலில் கோடு இல்லையே என்று மேலே திட்டியது இதற்காகத்தான்.

கெட்டியாக ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். இல்லை. பாதிப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாமல் தாங்கும், கலக்காத கிளைக்கால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும், வெப்பத்தைக் கடத்துவதிலும் தண்ணீரை விட மந்தம். கடைசியாகக் கழுவும் தண்ணீரும் டிஸ்டில்டு வாட்டராக இருப்பது நல்லது, அதுதானே உள்ளே தங்கப்போகிறது. அப்புறம் பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று நிறம் பார்த்து கூலன்ட் வாங்காதீர்கள், நிறம் என்பது கம்பெனி சேர்க்கும் சாயம், அதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. கையேட்டில் என்ன தர எண் போட்டிருக்கிறதோ அது பாட்டிலிலும் இருக்கிறதா என்று பாருங்கள், பொருந்தாத இரண்டைக் கலந்தால் சில நேரம் கூழாகத் திரிந்து ரேடியேட்டர் குழாய்களை அடைத்துவிடும்.

ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார்களுக்கு இந்தக் கிட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் தனிச் சுற்று இருக்கலாம், அதற்கு வேறு கூலன்ட், வேறு முறை. மின்சார வாட்டர் பம்ப் உள்ள கார்களிலும் காற்றை எடுக்கத் தனி வழிமுறை இருக்கும். வீட்டில் ஏர் கம்ப்ரஸர் இருந்தால் வாக்குவம் ஃபில்லர் என்று ஒன்று கிடைக்கிறது, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிவிட்டு அந்த இழுப்பிலேயே கூலன்டை நிரப்பும், வெற்றிடம் நிற்கவில்லை என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்பதும் ஊற்றுவதற்கு முன்பே தெரிந்துவிடும். சிக்கலான குழாய் அமைப்புள்ள கார்களுக்குப் புனலை விட அதுதான் மேல். எப்போதாவது ஒரு தடவை ஒரே காருக்குச் செய்கிறவருக்கு அது தேவையில்லை.

வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு ஆயில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கூலன்டும் எடுப்பார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள். கிட்டில் வந்த புனலையும் கழுவித் தனியாக வையுங்கள், வேறு எதற்கும் எடுக்க வேண்டாம்.

புனல் செட்டைத் தனியாக வாங்கப் போகிறீர்கள் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். ரப்பர் வாஷர் தடிமனாக இருக்கிறதா, மாற்று வாஷர் கூடவே தருகிறார்களா, உங்கள் காரின் மூடியைக் கழற்றி எடுத்துப்போய் வைத்துப் பார்த்தால் அதே மரையில் ஒரு மூடி செட்டில் இருக்கிறதா. மற்றபடி புனலில் கோடு இல்லாவிட்டால் ஒரு மார்க்கரால் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.