செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறீர்களா? சீட்டுக்கு அடியில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

2024 மே மாதம் மதுரையில் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் கார் வாங்கினேன். 2019 மாடல் பெட்ரோல் வண்டி, டி.என். 22 நம்பர், மீட்டரில் 38,000 கிலோமீட்டர், விலை 4,10,000 ரூபாய். கன்சல்டிங் பெயரையோ, வண்டி எந்தக் கம்பெனி என்பதையோ எழுதப்போவதில்லை. வண்டியைத் தயாரித்தவர்கள் மேல் தப்பே கிடையாது. அது தண்ணீரில் மூழ்கியதை மறைத்து என் தலையில் கட்டியவர்தான் ஆள்.

"டாக்டர் வண்டி சார், சிங்கிள் ஓனர். வீட்டுக்கும் கிளினிக்குக்கும்தான் ஓடியிருக்கு" என்றார். (விற்பனைக்கு வரும் பழைய காரெல்லாம் டாக்டர் வண்டிதான். மற்றவர்கள் எல்லோரும் பஸ்ஸில் போகிறார்கள் போல.) கதவைத் திறந்தால் புது சீட் கவர், புது கார்பெட், மூக்கைத் துளைக்கும் மல்லிகை ஸ்ப்ரே. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐந்து வருட வண்டிக்கு எதற்காகக் கார்பெட்டை மாற்றினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

என் மெக்கானிக்கைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டேன். "தாராளமா கூட்டிட்டு வாங்க. ஆனா சாயங்காலம் திண்டுக்கல் பார்ட்டி முழுப் பணத்தோட வர்றாங்க" என்றார். அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே பத்தாயிரம் டோக்கனை ஜிபே-யில் அனுப்பிவிட்டேன். மீதி நான்கு லட்சம் மறுநாள் ரொக்கம். அவர் அப்படித்தான் கேட்டார்.

நான் எதையும் பார்க்காமல் வாங்கவில்லை. அரசின் வாகனப் பதிவு விவரத் தளமான பரிவாகனில் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். லோன் பாக்கி இல்லை, ஆர்.சி. செல்லுபடியில் இருக்கிறது, அபராதம் எதுவும் இல்லை. ரிங் ரோட்டில் ஓட்டியும் பார்த்தேன், என்ஜின் சத்தமில்லாமல் ஓடியது. மே மாத வெயிலில் மதுரையில் எந்த ஈரம்தான் வெளியே தெரியும்?

அக்டோபரில் தெரிந்தது. அந்த மாதம் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, என் வண்டி அந்தத் தண்ணீர் பக்கமே போகவில்லை. வீட்டு போர்டிகோவில் நின்ற வண்டி ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. தெருவே எழுந்துவிட்டது. அடுத்த வாரம் இடது பக்கக் கண்ணாடி இறங்கியது இறங்கியபடி நின்றது. அப்புறம் ஏர்பேக் விளக்கு எரிந்தது. ஒரு நாள் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது நட்டநடு மேலூர் ரோட்டில் வண்டி செத்துப்போனது.

ஆட்டோ எலெக்ட்ரீசியன் ஒருவர், வயதானவர், டிரைவர் சீட்டை போல்ட் கழற்றித் தூக்கினார். கீழே சீட் நகரும் தண்டவாளம் முழுக்கத் துரு. புதுக் கார்பெட்டுக்கு அடியில் இருந்த பஞ்சை அழுத்தினார், விரல் ஈரமானது. வயர் கனெக்டரைப் பிரித்தால் உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி அரை அடியில் சேற்றுக் கோடு. "தம்பி, இது சீட்டு மட்டத்துக்குத் தண்ணியில நின்ன வண்டி. ஹாரனுக்குன்னு ஒரு ரிப்பேர் கிடையாது, வயரிங்கே போச்சு" என்றார்.

அதற்குப் பிறகுதான் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு ஆர்.சி.யோடு போய் பழைய சர்வீஸ் விவரம் கேட்டேன். பத்து நிமிட வேலை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு, சென்னையில் வண்டியை டோ செய்து கொண்டுவந்திருக்கிறார்கள். எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள், ரிப்பேர் செய்யாமலேயே வெளியே போயிருக்கிறது. அன்றைக்கு மீட்டர் 64,000. ரிப்பேர் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் (முழு நஷ்டம்) கணக்கில் முடித்துவிடுவார்கள். அப்படி முடித்த வண்டி இருந்த நிலையிலேயே விலைபோகும். என் வண்டியும் அந்த வழியில்தான் வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

எனக்கு இன்னும் வயிறு எரிவது எதற்கென்றால், அதற்கான துப்பு என் கையில் இருந்த காகிதத்திலேயே இருந்தது. "இன்சூரன்ஸ் லைவ்ல இருக்கு சார்" என்று அவர் கொடுத்த பாலிசியை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. தேர்ட் பார்ட்டி மட்டும்தான், அதாவது அடுத்தவர்களுக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும். ஆரம்பத் தேதி 2024 பிப்ரவரி. முந்தைய பாலிசி என்ற இடம் காலி. ஒழுங்காக வைத்திருந்த டாக்டர் ஐந்தே வருட வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போடாமலா இருப்பார்? நீங்கள் வாங்கும்போது முந்தைய வருடப் பாலிசியைக் கேளுங்கள். சர்வீஸ் விவரத்தை ஓனர் மூலமாகவே எடுத்துத் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் நடையைக் கட்டுங்கள், திண்டுக்கல் பார்ட்டி எடுத்துக்கொள்ளட்டும்.

கன்சல்டிங்காரரிடம் போய் நின்றேன். "நான் எங்க சார் வித்தேன்? ஆர்.சி.யப் பாருங்க" என்றார். பார்த்தால் அதுவும் சரிதான். ஓனர் பெயரை மாற்றுவதற்கான படிவம் 29, 30 முதல் ஓனர் கையெழுத்தோடு, மற்றபடி வெற்றாக வந்து, அதில் வாங்குபவராக என் பெயரை நிரப்பியிருக்கிறார்கள். நடுவில் இவர் பெயர் எங்கேயும் இல்லை. 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி விற்கும் டீலருக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் காட்டுங்கள் என்று மே மாதமே கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் முதலில் கேட்டது ரசீது. ரொக்கத்துக்கு என்னிடம் ரசீது இல்லை. இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படியே கூடாது என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இப்போது ஆதாரம் என்று என்னிடம் இருப்பது ஜிபே-யில் போன அந்தப் பத்தாயிரம்தான். அதனால் பணத்தை பேங்க் வழியாகவே கொடுங்கள், எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

வண்டி போர்டிகோவில்தான் நிற்கிறது, பேட்டரி வயரைக் கழற்றி வைத்திருக்கிறேன். போன மாதம் ஒருவர் விலை கேட்டு வந்தார். சீட்டைத் தூக்கிக் காட்டினேன். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.