மூன்று ஆண்டுகள், இரண்டு குளங்கள், ஒரு சத்துப் பொடி

பர்மாவில், யாங்கோனுக்கு அருகே துவாந்தே பக்கம் எனக்கு இரண்டு மீன் குளங்கள் இருக்கின்றன. இரண்டிலும் பெரும்பாலும் ரோகு. தீனி தவிடும் கடலைப் பிண்ணாக்கும். 3 ஆண்டுகளாகப் பெரிய குளத்துத் தீனியில் மட்டும் வைட்டமின் சி, ஈஸ்ட், நன்மை செய்யும் நுண்ணுயிர் அடங்கிய சத்துப் பொடியைக் கலக்கிறேன். சின்னக் குளத்துக்கு வெறும் தீனி.

முதல் ஆண்டு பணம் தண்ணீரில் போனது. தவிட்டின்மேல் பொடியைத் தூவிப் போட்டேன். தவிட்டை மீன் தின்றது, சத்தைக் குளம் தின்றது. "கஞ்சியில் குழைத்துப் போடுங்கள் மாப்பிள்ளை" என்றார் மாமா. மறுநாளே கொதிக்கும் கஞ்சியில் கொட்டிக் கிளறினேன். மனைவி பார்த்துவிட்டு, "சுடுகஞ்சியிலா? வைட்டமின் செத்துப்போகாதா?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. ரோகுவால் வைட்டமின் சியைத் தன் உடம்பில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. தீனியில்தான் வர வேண்டும். அதுவோ நீரில் கரையும், சூட்டில் அழியும்.

இப்போது இரவே கஞ்சி காய்ச்சி ஆறவிடுகிறேன். காலையில் அதில் பொடியைக் கரைத்துத் தீனியைப் பிசைந்து, உருட்டி, கடலை எண்ணெய் தடவி நிழலில் வைக்கிறேன். ஓர் உருண்டையைக் கண்ணாடி டம்ளர் நீரில் போட்டுப் பார்ப்பேன். கால் மணி நேரம் கலங்காமல் கிடந்தால்தான் குளத்துக்குப் போகும்.

எங்களுக்குக் குளிர்காலம்தான் புண் நோய்க் காலம். முதல் ஆண்டில் இரு குளங்களிலும் செம்புண். இரண்டாம் ஆண்டில் பெரிய குளத்தில் அங்கொன்றும் இங்கொன்றும். சின்னக் குளத்தில் கூடை கூடையாக அள்ளினோம். பொடியைப் புகழ்வதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த ஆண்டு பெரிய குளத்துக்கு மட்டும் சுண்ணாம்பும் இட்டிருந்தேன். மூன்றாம் ஆண்டு இரண்டுக்கும் இட்டதும் வித்தியாசம் பாதியாகச் சுருங்கியது. மறையவில்லை. மீன் பேனுக்கு இந்தப் பொடி எதுவும் செய்யாது.

வளர்ச்சியில்தான் ஏமாற்றம். பர்மாவில் இன்றும் வீசைக் கணக்குதான். நம் பழைய வீசையைவிடக் கொஞ்சம் கனம், ஏறத்தாழ 1.6 கிலோ. 10 மாதம் கழித்து ஒவ்வொரு குளத்திலிருந்தும் 100 மீன்களை நிறுத்தபோது, பெரிய குளத்து 100 மீனும் சேர்ந்தே 4 வீசைதான் கூடுதல். பொடியின் விலையில் பாதிகூட அதில் தேறவில்லை.

இந்த ஆண்டு ஐப்பசி முதல் மாசி வரை மட்டும் கலக்கப் போகிறேன். மழைக்காலத்தில் மூட்டையாக வாங்கி வைத்ததெல்லாம் ஈரம் கோத்துக் கட்டியாகிவிட்டது. இனி மாதத்துக்கு ஒரு பொட்டலம்தான்.