கைதியா, எதிரியா, ‘உள்ளே’ இருப்பவரா?

ஊட்டியில் கோர்ட் வேலைக்கு மனு தட்டச்சு செய்து கொடுக்கும் கடை ஒன்றில் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள், கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் இலை பறிக்கும் ஓர் அக்கா வந்தார். மகன் மேல் திருட்டு வழக்கு, ரிமாண்ட் ஆகி நாற்பது நாள். ‘கைதியாக உள்ள என் மகன்’ என்று அடித்ததைப் படித்துக் காட்டினேன். “கைதின்னு போடாதீங்க தம்பி. அவன் உள்ள இருக்கான், அவ்வளவுதான்” என்றார். எனக்கு அது வெறும் சொல். அவருக்கு அப்படி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

போலீஸ் காகிதங்களிலும் கோர்ட் தமிழிலும் வழக்கில் சிக்கியவருக்கு ‘எதிரி’ என்று பெயர். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று வரிசையாக வரும். முதல் தடவை கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். யாருக்கு எதிரி, என்ன பகை என்று கேட்டவர்கள் உண்டு. வழக்கில் எதிர்ப்பக்கம் நிற்பவர், அவ்வளவே பொருள். காதுக்குக் கரடுமுரடாக இருந்தாலும் ‘எதிரி’ யாருக்கும் தீர்ப்பு எழுதிவிடுவதில்லை. ‘குற்றவாளி’ அப்படியல்ல. அது நீதிபதி தீர்ப்பு நாளில் தரவேண்டிய பட்டம். நம் டீக்கடைகளோ கைதான அன்று சாயங்காலமே கொடுத்துவிடுகின்றன. ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ சரியான சொல்தான், ஆனால் நீளம். தலைப்பில் இடம் போதாது என்று வாலை வெட்டினால் மிஞ்சுவது குற்றவாளி. இந்த மூன்றில் ஆவணத்துக்கு எதிரி, செய்திக்குக் குற்றம் சாட்டப்பட்டவர் என்பது என் கணக்கு.

‘குற்றம்’ என்ற சொல்லே கொஞ்சம் அகலமானது. ‘குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை’ என்று ஔவை சொன்னபோது இபிகோவை நினைத்திருக்க மாட்டார்; மனிதரிடம் இருக்கும் குறைதான் அங்கே குற்றம். வீட்டுக் குறைக்கும் கொலைக்கும் ஒரே சொல் என்பதால், அதைச் சொல்லும்போதே ஆளின் குணத்தையும் சேர்த்துத் தீர்மானித்த மாதிரி ஆகிவிடுகிறது. இதற்கு நேர்மாறாக ஒரு வேடிக்கை: வடமொழியில் ‘அபராதம்’ என்றால் குற்றம். தமிழுக்கு வந்ததும் அது குற்றத்துக்குக் கட்டும் பணமாகிவிட்டது. ஹெல்மெட் போடாமல் ஊட்டி சேரிங்கிராஸ் சந்திப்பில் மாட்டினால் கட்டுவோமே, அது. பழைய பொருள் ‘நிரபராதி’யில் மட்டும் ஒளிந்திருக்கிறது.

சரி, கைதிக்கு வருவோம். கையைப் பிடித்துக் கொண்டு போவதால் கைது என்று பலர் நினைக்கிறார்கள். அரபு மொழியிலிருந்து உருது வழியாக வந்த சொல் அது. ஜாமீனும் அதே வண்டியில் வந்ததுதான். விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி என்று சேர்த்துச் சொன்னால் பழுதில்லை. முன்னால் இருக்கும் சொல்தான் வேலை செய்கிறது, பேச்சில் முதலில் உதிர்வதும் அதுதான். அரசு ஆவணங்களில் இப்போது ‘சிறைவாசி’ என்கிறார்கள். மரியாதையான மாற்றம், வரவேற்கிறேன். ஆனாலும் ‘வாசி’ என்றால் அங்கேயே குடியிருப்பவர் போல ஒரு தொனி. நாற்பது நாள் ரிமாண்டில் இருக்கும் பையனுக்கு அது பொருந்துமா என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை.

முன்னால் இருக்கும் அந்த ஒரு சொல் எவ்வளவு பெரியது என்பதற்கு நடுவட்டம்தான் நல்ல சாட்சி. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் உள்ள ஊர் அது. அங்கே டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழக வளாகத்தில் பழைய சிறைக் கட்டடம் இன்றும் இருக்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் சீனர்களை இங்கே அடைத்துச் மலேரியா மருந்துக்கான சின்கோனா மரத் தோட்ட வேலைக்கு விட்டார்கள். பிரிட்டன் சீனாவோடு நடத்திய அபினிப் போரில் பிடிபட்ட ‘போர்க் கைதிகள்’ என்பது ஊரில் பரவலாகச் சொல்லும் கதை. பிரிட்டிஷ் கால மாவட்டப் பதிவுகளோ, மலாயா, சிங்கப்பூர்ப் பக்கத்து நீரிணைக் குடியேற்றங்களில் தண்டனை பெற்று, அங்கே சிறையில் இடம் போதாமல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் என்கின்றன. அதாவது ‘தண்டனைக் கைதிகள்’. விடுதலையான சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்ததை மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். போர்க் கைதி என்றால் தோற்ற வீரன். தண்டனைக் கைதி என்றால் தப்பு செய்தவன். கைதியில் மாற்றமில்லை, முன்னொட்டு மாறியதும் ஒரு பாட்டனாரின் கதையே மாறிவிடுகிறது.

‘காவல்’ இன்னும் குழப்பம். தோட்டத்தைக் காப்பதும் காவல், ஆளைப் பூட்டுவதும் காவல். போலீஸ் காவல் விசாரிக்க. நீதிமன்றக் காவல் என்றால் பெயர்தான் நீதிமன்றம், இருப்பது சிறை. கடுங்காவல் என்பதைக் கெடுபிடியான காவல் என்று நினைப்பார்கள். கட்டாய வேலையோடு கூடிய சிறை என்பதே பொருள், வ.உ.சி.யைக் கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தது அந்த மாதிரித் தண்டனைதான். அவரை ‘சிறை சென்றார்’ என்கிறோம். அதே வாசலில் நுழைந்த திருடன் ‘ஜெயிலுக்குப் போனான்’. தியாகத்துக்குத் தமிழ், திருட்டுக்கு ஆங்கிலம்!

தடுப்புக் காவல் தனி ரகம். 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘குண்டாஸ்’ போட்டால், எந்தக் குற்றமும் நிரூபணமாகாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஆனால் ஊர்ப் பேச்சில் அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தண்டனை. வீட்டுக்காவலைப் பற்றி ஒரு வரி போதும்: 1965-இல் கைதான காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லாவைக் கொடைக்கானலில் ‘கோகினூர்’ என்ற பங்களாவில் வைத்திருந்தார்கள். வீடு இருந்தது, அவருடையதாக இல்லை.

ஆயுள் தண்டனை என்றால் 14 வருடம் என்பவர்களோடு இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. ஆயுள் என்றால் ஆயுள்தான். கொலை போன்ற வழக்குகளில் அரசு முன்கூட்டி விடுவிக்க நினைத்தாலும் பொதுவாக அதற்குமுன் கழித்தாக வேண்டிய குறைந்தபட்சக் காலமே அந்த 14. ஜாமீனை விடுதலை என்பதும் இதே வகைத் தவறு. ஜாமீனில் வந்தவருக்கு வழக்கு அப்படியே நிற்கிறது.

அப்புறம் பேச்சுத் தமிழ். கம்பி எண்ணுகிறான், களி தின்கிறான், மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறான் – எல்லாமே பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு சொல்வது. பெற்றவள் வாயில் இதில் ஒன்றும் வராது. பழியும் இல்லாமல் நக்கலும் இல்லாமல் மிஞ்சுவது ‘உள்ளே’ ஒன்றுதான். இவ்வளவு சட்டச் சொற்களுக்கு நடுவில் அந்த அக்கா சரியாக அதையே எடுத்தார்.

மனுவில் ‘உள்ளே’ என்று எழுத முடியாதே. கைதியை அழித்துவிட்டு, ‘என் மகன் நீதிமன்றக் காவலில் இருந்து வருகிறார்’ என்று அடித்துப் படித்தேன். அக்கா சட்டென்று நிமிர்ந்தார்.

“வர்றானா?”

இல்லைக்கா, மனுவில் அப்படித்தான் எழுதுவோம், இருக்கிறான் என்றுதான் அர்த்தம் என்றேன்.

“அப்ப இருக்கான்னே போடுங்க தம்பி.”