எடின்பரோ ஃபிரிஞ்ச்: டிக்கெட் பணம் யார் கணக்கில் இருக்கும் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஆகஸ்டில் நடக்கும் ஃபிரிஞ்ச் கலை விழாவில் 22 காட்சிகள் போட்ட எங்கள் நாடகக் குழுவுக்கு அரங்கு தர வேண்டிய டிக்கெட் பணம் 2,669 பவுண்டு. ஒரு பென்னிகூட வரவில்லை. அரங்கை நடத்திய கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். அதே கட்டிடத்தில் ஆடிய மற்ற குழுக்களுக்கும் இதே நிலைமைதான். வரும் ஆகஸ்டுக்கு அரங்கு தேடுகிறவர்களுக்காக எழுதுகிறோம். அரங்கின் பெயரைச் சொல்லவில்லை. இதே மாதிரியான ஒப்பந்தம் பல இடங்களில் உண்டு, அதனால் ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிஞ்ச் சொசைட்டி யாரையும் அழைப்பதில்லை, தேர்ந்தெடுப்பதும் இல்லை. 1947-இல் எடின்பரோ சர்வதேச விழாவுக்கு அழைப்பில்லாமலே 8 குழுக்கள் வந்து ஆடியதில் தொடங்கியது ஃபிரிஞ்ச். 1958-இல் வந்த சொசைட்டி பதிவு, நிகழ்ச்சிப் புத்தகம், டிக்கெட் விற்பனை, ஆலோசனை ஆகியவற்றைக் கவனிக்கிறது. மேடை, நேரம், நாற்காலி, பணம் எல்லாம் உங்களுக்கும் அரங்குக்காரருக்கும் இடையிலான தனி ஒப்பந்தம். புத்தகத்தில் உங்கள் 40 சொல் அறிமுகம் அச்சாகிவிட்டது என்பதற்காக, அரங்கு பணம் தராவிட்டால் சொசைட்டி தராது.

எங்கள் ஒப்பந்தம் வழக்கமான 60/40. வசூலில் 60 சதவீதம் குழுவுக்கு, 40 அரங்குக்கு. ஆனால் அரங்குக்குக் குறைந்தபட்ச கேரன்டி உண்டு. 40 சதவீதப் பங்கு, கேரன்டி, இரண்டில் எது அதிகமோ அது அவர்களுக்கு. கேரன்டியை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று பாருங்கள். 50 இருக்கை, வாட் (மதிப்புக்கூட்டு வரி) நீங்கலாக டிக்கெட் 10 பவுண்டு, 22 காட்சி: முழு வசூல் 11,000. அரங்கு 40 சதவீதம் நிரம்பினால் 4,400. அதில் அவர்கள் பங்கு 40 சதவீதம், ஆக 1,760 பவுண்டு. இதை ஏப்ரலிலும் ஜூனிலும் இரண்டு தவணையாக முன்கூட்டியே கட்டிவிட்டோம். ஆகஸ்டில் டிக்கெட் விற்ற பணமும் அவர்கள் கையில்தான். இரண்டு பக்கமும் பணம் அவர்களிடமே இருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

விற்றது 420 டிக்கெட். முழு விலை 12 பவுண்டில் 250, சலுகை விலை 10-இல் 110, முதல் திங்கள், செவ்வாயில் ஒன்றுக்கு இரண்டு சலுகையில் தலைக்கு 6 பவுண்டாக 60. மொத்தம் 4,460. வாட் என்று ஆறில் ஒரு பங்கு, 743 பவுண்டு, முதலில் போனது. இசை உரிமைக்காக பி.ஆர்.எஸ். என்று 3 சதவீதம், 112 பவுண்டு. மிச்சம் 3,605. இதில் 40 சதவீதம் 1,442தான், கேரன்டியைவிடக் குறைவு. ஆகவே முன்பே கட்டிய 1,760 அவர்களுக்கே. அடுத்து வந்தது ‘கான்ட்ரா’ என்ற பிடித்தம்: அரங்கின் கையேட்டில் விளம்பரம் 420, டெக்னீஷியன் 396, போஸ்டர் இடம் 120. ஆக 936. மிச்சமிருந்த 3,605-இல் இது போக எங்களுக்கு வர வேண்டியது 2,669. டெக்னீஷியன் கட்டணம் ஒப்பந்தத்தில் இல்லை, பின்னிணைப்பில் ‘மாற்றத்துக்கு உட்பட்டது’ என்ற குறிப்போடு இருந்தது. கான்ட்ராவுக்கு உச்சவரம்பு ஒன்றை எண்ணாகவே எழுதி வாங்குங்கள். அதற்கு மேல் போனால் எழுத்தில் உங்கள் சம்மதம் வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். நாடகத்தில் இசையே இல்லையென்றால் பி.ஆர்.எஸ். பிடித்தம் எதற்கு என்று கேளுங்கள்.

இருக்கை விஷயத்திலும் இழந்தோம். வகுப்பறை ஒன்றில் கறுப்புத் துணி கட்டி, பலகை மேடை போட்டு அமைத்த அரங்கு அது. நாற்காலி போட்டபின் அவசர வழிக்குப் போதிய இடைவெளி இல்லையென்று 8 நாற்காலியை எடுத்தார்கள். 42 இருக்கைக்குக் கேரன்டி 1,478தான் வந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ‘50 இருக்கை’ என்று இருந்ததால் 1,760-ஐக் குறைக்க மறுத்தார்கள். ‘உரிமத்தின்படி விற்பனைக்கு அனுமதிக்கப்பட்ட இருக்கைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கேரன்டி குறையும்’ என்று எழுதியிருந்தால் 282 பவுண்டு மிஞ்சியிருக்கும்.

நேரமும் அப்படித்தான். 60 நிமிட ஸ்லாட் என்றால் நாடகம் 45 முதல் 50 நிமிடம். செட்டை ஏற்ற ஐந்து நிமிடம், இறக்க ஐந்து. நாங்கள் நேரம் தாண்டினால் நிமிடக் கணக்கில் அபராதம் இருந்தது. முந்தைய காட்சி தாமதமாக முடிந்து எங்கள் நேரம் போனால் அரங்குக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதி வேண்டுமென்று கேளுங்கள், பல அரங்குகள் ஒப்புக்கொள்ளும். டெக்னிக்கல் ஒத்திகை எத்தனை மணி நேரம், எல்லாக் குழுக்களுக்கும் பொதுவான மேடை விளக்குகளை நம் காட்சிக்காகத் திருப்பி வைக்கலாமா, சாமான் வைக்க எத்தனை அடி இடம், மூன்றும் எழுத்தில் வேண்டும்.

இனி, எங்களைக் கவிழ்த்த விஷயம். அக்டோபர் கடைசிக்குள் செட்டில்மென்ட் என்று ஒப்பந்தம் சொன்னது. கணக்குத் தாள் வந்தது, பணம் வரவில்லை. அடுத்த மாதம் ‘வங்கித் தாமதம்’ என்று ஒரு மின்னஞ்சல், அதன் பிறகு கலைப்பு அதிகாரியின் கடிதம். டிக்கெட் பணம் முழுக்க அரங்கின் பொதுக் கணக்கில் சேர்ந்து, கட்டிட வாடகைக்கும் சம்பளத்துக்கும் பழைய கடனுக்கும் போய்விட்டது. கம்பெனி கலையும்போது கலைப்புச் செலவு, ஊழியர் சம்பளம் எல்லாம் முன்வரிசை. 2020 டிசம்பரிலிருந்து வாட் பாக்கிக்காக வரித்துறையும் நமக்கு முன்னே நிற்கிறது. சொத்தை அடமானம் பிடித்தவர்களும் முந்திக்கொள்வார்கள். நாடகக் குழு பிணையில்லாக் கடன்காரர், கடைசி வரிசை.

அதனால் ஒப்பந்தத்தில் இரண்டு வரி கேளுங்கள். அரங்கு உங்கள் முகவராக டிக்கெட் விற்கிறது என்பது ஒன்று. அந்தப் பணம் தனி டிரஸ்ட் கணக்கில் உங்களுக்காக வைக்கப்படும் என்பது இன்னொன்று. முகவர் என்ற சொல்லுக்கு வேறொரு பயனும் உண்டு: குழு வாட் பதிவு செய்யாதது, அரங்கு வெறும் முகவர் என்றால், டிக்கெட்டில் வாட் பிடிக்க அடிப்படை இருக்கிறதா என்று கணக்காளரிடம் காட்டிக் கேட்கலாம். எங்கள் தாளில் அது மட்டும் 743 பவுண்டு. டிரஸ்ட் கணக்குக்கு மறுத்தால், வாராவாரம் பாதி வசூலையாவது தரச் சொல்லுங்கள். அதற்கும் மறுக்கிற அரங்கிடம் கேரன்டியை முன்பணமாகக் கொடுக்காதீர்கள்.

கையெழுத்துக்கு முன், பிரிட்டனின் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் அந்தக் கம்பெனியின் பெயரைத் தேடுங்கள், இலவசம்தான். ஸ்காட்லாந்தில் பதிவானதென்றால் எண் ‘எஸ்.சி.’ என்று தொடங்கும். கணக்குத் தாக்கல் காலம் தாண்டியிருக்கிறதா, ஒரே இயக்குநர்கள் முன்பு நடத்திக் கலைத்த கம்பெனிகள் உண்டா என்று பாருங்கள். நன்கு அறியப்பட்ட அரங்கின் பெயர் பலகையில் இருக்கும், ஒப்பந்தத்தில் சில மாதம் முன்பு தொடங்கிய வேறு கம்பெனி இருக்கும். கையெழுத்திடும் கம்பெனி எதுவோ அதைத்தான் தேட வேண்டும். சென்ற ஆண்டு அங்கே ஆடிய இரண்டு குழுக்களிடம் ‘பணம் எந்தத் தேதியில் வந்தது’ என்று மட்டும் கேளுங்கள்.

விழா நடக்கும்போது தினமும் விற்பனை அறிக்கையைப் பார்க்க லாகின் வாங்கி, இரவில் படமெடுத்து வையுங்கள். வாசலில் உங்கள் ஆள் ஒருவர் தலை எண்ண வேண்டும். எங்களுக்குக் கடன் தொகையை நிரூபிக்க உதவியது இந்த 22 படங்கள்தான். இலவச டிக்கெட் ஒரு காட்சிக்கு எத்தனை என்பதற்கும் வரம்பு வையுங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிற குழுக்களுக்கு: எடின்பரோ ஃபிரிஞ்ச் பிரிட்டிஷ் அரசின் பெர்மிட் ஃப்ரீ விழாப் பட்டியலில் உள்ளது. விசிட்டர் விசாவில் வந்து ஆடலாம், சம்பளமும் வாங்கலாம், அழைப்புக் கடிதம் தேவை. வெளிநாட்டுக் கலைஞர் வரி என்று 20 சதவீதம் பிடித்தால், ஒரு கலைஞருக்கு அந்த வரியாண்டில் தரும் தொகை 12,570 பவுண்டைத் தாண்டுகிறதா என்று கேளுங்கள். தாண்டாவிட்டால் பிடிக்கத் தேவையில்லை.

பணம் தாமதமாகிறதென்றால் காத்திருக்காதீர்கள். நாங்கள் மூன்று வாரம் காத்தது பெரிய தவறு. கெடு முடிந்த மறுநாளே எழுத்தில் கேளுங்கள். தாமதமாகும் வணிகப் பணம் பற்றிய 1998 சட்டப்படி, வணிகக் கடனுக்கு இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதம் கோரலாம். 5,000 பவுண்டு வரை ஸ்காட்லாந்தின் ஷெரிஃப் நீதிமன்றத்தில் ‘சிம்பிள் புரொசீஜர்’ என்ற எளிய முறையில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். கலைப்பு தொடங்கிவிட்டால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். பிறகு மிஞ்சுவது கலைப்பு அதிகாரியிடம் கடன் நிரூபணப் படிவம் கொடுப்பது மட்டும். நாங்கள் கொடுத்திருக்கிறோம். அதே அரங்கில் ஆடியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் கணக்குத் தாளையும் ஒப்பந்தத்தையும் இணைத்து நீங்களும் கொடுங்கள்.