27 அங்குல 4கே மானிட்டரும் டெபியனும்: வருடம் ஒன்றுக்கு மேல் கிராப் போட்டுப் பார்த்ததில்

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் இருந்துகொண்டு ஜக்கார்டு தறிகளுக்குக் கிராப் போடுவது, அதாவது நெய்ய வேண்டிய டிசைனைக் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பது என் தொழில். கரை, முந்தி, உடலில் வரும் புட்டா எல்லாமே கிம்ப் என்ற படம் வரையும் நிரலில்தான் வரைகிறேன். இயங்குதளம் லினக்ஸ் வகையான டெபியன், மேசைச் சூழல் (ஜன்னல், மெனு எல்லாம் தரும் பகுதி) கேடிஇ பிளாஸ்மா. மானிட்டர் 27 அங்குலம், 3840க்கு 2160, ஐபிஎஸ் பேனல். கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. கீழே வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை எந்தக் கம்பெனி மானிட்டரிலும் வரக்கூடியவை. மாடல் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது.

இந்தத் தொழிலில் திரைக்கு என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கிராப்பில் ஒரு கட்டம் என்பது ஒரு பாவு நூலும் ஒரு ஊடையும் சந்திக்கும் இடம். கிம்ப் படத்தில் அந்தக் கட்டம் ஒரு பிக்சல். அந்தப் பிக்சல் கறுப்பா, பக்கத்து நிறத்தோடு கலந்த சாம்பலா என்று கண்ணுக்குச் சந்தேகம் வந்தால் வேலை கெட்டது. சினிமா பார்க்கவும் கேம் விளையாடவும் வாங்குகிறவர்கள் எழுதும் விமர்சனங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

கம்ப்யூட்டர் ஆபீஸிலிருந்து கழித்து விற்ற ரீஃபர்பிஷ்டு மெஷின். 6ஆம் தலைமுறை ஐ5, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பின்பக்கம் ஒரு எச்டிஎம்ஐ, இரண்டு டிஸ்ப்ளேபோர்ட். மானிட்டரோடு பெட்டியில் வந்தது எச்டிஎம்ஐ கேபிள் என்பதால் அதையே மாட்டினேன். படம் வந்தது, 4கே என்றும் காட்டியது. ஆனால் மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்ந்தது, கிராப்பை இழுத்தால் பின்னாலேயே தள்ளாடி வந்தது. டிஸ்ப்ளே அமைப்பில் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ். 60 என்ற தேர்வே அந்தப் பட்டியலில் இல்லை.

கணக்கு இதுதான். 4கே படத்தை நொடிக்கு 60 முறை அனுப்ப, இடைவெளி நேரமும் சேர்த்து, நொடிக்கு 14 கிகாபிட்டுக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். அந்தத் தலைமுறை இன்டெல் எச்டிஎம்ஐ 1.4 தான் தரும். அதன் மொத்த அளவு 10.2 கிகாபிட், அதிலும் படத்துக்குக் கிடைப்பது 8.16. முப்பது ஹெர்ட்ஸுக்கு 7 சொச்சம் போதும் என்பதால் அது ஓடியது. கேபிளை விலை கூடியதாக மாற்றினாலும் இது மாறாது, ஏனென்றால் தடை போர்ட்டில் இருக்கிறது. அதே மெஷினின் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வகை, 17.28 கிகாபிட் தாங்கும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வாங்கி மாட்டினேன்.

மறுபடியும் 30 ஹெர்ட்ஸ்!

லினக்ஸில் எனக்குப் பிடித்தது இந்த இடம்தான். மானிட்டர் தன்னைப் பற்றி ஒரு ஜாதகம் வைத்திருக்கும். பெயர் இடிஐடி. எந்தெந்த அளவு, எத்தனை ஹெர்ட்ஸ், திரை எத்தனை மில்லிமீட்டர், எல்லாம் அதில் இருக்கும். கர்னல் அதை வாங்கி ஒரு கோப்பாகவே வைத்திருக்கிறது. இடிஐடி-டீகோட் என்ற சின்ன நிரலில் கொடுத்தால் படிக்கும்படி விரித்துக் காட்டும். என் மானிட்டர் கொடுத்த பட்டியலிலேயே 60 இல்லை. அப்படியானால் டிரைவரில் தோண்டிப் பயனில்லை. மானிட்டரின் சொந்த மெனுவுக்குள் போய்த் தேடினால், டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பு என்று ஒரு வரி, அதில் 1.1 என்று வைத்துத் தொழிற்சாலையிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். பழைய கம்ப்யூட்டர்களிலும் ஓடட்டும் என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். 1.2 ஆக்கியதும் திரை ஒருமுறை அணைந்து வந்தது, பட்டியலில் 60 சேர்ந்திருந்தது. இந்த வரியைப் பற்றிக் கையேட்டில் எங்கேயும் இல்லை.

அடுத்தது நிறம். இதைக் கண்டுபிடித்தது நானில்லை. எங்களுக்கு டிசைன் கொடுக்கும் தறிக்காரர் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "என்னங்க தம்பி, கருப்புப் பாவுன்னு சொன்னேன், இது வெளுத்துப்போன கருப்பா இருக்குதே" என்றார். "லைட்டு வெளிச்சம்ங்கண்ணா" என்று ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியும் அப்படியேதான் இருந்தது.

டிவி உலகத்தில் கறுப்பு என்றால் 16, வெள்ளை என்றால் 235. கம்ப்யூட்டர் உலகத்தில் 0 முதல் 255 வரை. டிவிக்கும் பொதுவான அளவு ஒன்றை மானிட்டர் கேட்டால், இன்டெல் டிரைவர் தானியங்கி நிலையில் இது டிவியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு 16 முதல் 235 வரை சுருக்கி அனுப்பிவிடும். 3840க்கு 2160 என்பது டிவி அளவும்தான். என் மானிட்டரோ முழு வீச்சை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது. விளைவு: கறுப்பு சாம்பலாகவும் வெள்ளை மங்கலாகவும் தெரிந்தன. லினக்ஸில் ஜன்னல்களைத் திரைக்குக் கொண்டுவர எக்ஸ் (எக்ஸ்11) என்ற பழைய முறையும் வேலண்ட் என்ற புதிய முறையும் உண்டு. பழைய எக்ஸ் அமர்வில் எக்ஸ்ராண்டர் கட்டளையில் பிராட்காஸ்ட் ஆர்ஜிபி என்ற பண்பை ஃபுல் ஆக்கினால் சரியாகிவிடும். வேலண்டில் அந்த வழி கிடையாது. பிளாஸ்மாவில் 5.23 பதிப்பிலிருந்து டிஸ்ப்ளே அமைப்பிலேயே ஆர்ஜிபி வீச்சு என்று ஒரு தேர்வு வந்துவிட்டது. அதை ஃபுல் ஆக்கினேன். அரக்கு நிறம் அன்றுதான் அரக்காகத் தெரிந்தது. புது மானிட்டர் வாங்கி "பழசே தேவலை" என்று நினைப்பவர்கள் பேனலைத் திட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். சரியான நிறம் வேண்டும் என்றால் அளவிடும் கருவி வைத்து ப்ரொஃபைல் எடுக்கலாம்தான். நான் இன்னும் சாயம் போட்ட நூல்கண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துத்தான் பார்க்கிறேன். கடைசியில் சேலை நூலில்தானே நெய்யப்படுகிறது.

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 27 அங்குலத்தில் 4கே என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 163 பிக்சல். திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை 100 சதவீதத்தில் வைத்தால் மெனு எழுத்துகள் எறும்பு ஊர்வது மாதிரி. 200 வைத்தால் எல்லாம் கொழுத்துப்போய், பெரிய மானிட்டர் வாங்கியதற்கே அர்த்தமில்லை. ஆகவே எல்லோரும் 150க்கு வருவார்கள், நானும் வந்தேன். தமிழ் எழுத்துகளுக்கு இது அருமை. பில் அடிக்கும்போது ண, ன வித்தியாசமும் மெய்யெழுத்தின் புள்ளியும் அச்சில் பார்ப்பது போலத் தெளிவு. பிரவுசர், கோப்பு மேலாளர் எல்லாம் நன்றாக இருந்தன. கிம்ப்பைத் திறந்ததும் கிராப் முழுக்கப் பஞ்சு படர்ந்த மாதிரி மசமசப்பு.

காரணம் கிம்ப்பின் வயது. டெபியன் 12ல் இருந்த கிம்ப் 2.10, ஜன்னல், பொத்தான்களை வரையும் ஜிடிகே 2 என்ற பழைய அடித்தளத்தில் ஓடியது. அதற்கு வேலண்டும் தெரியாது, பெரிதாக்குதலும் தெரியாது. பிளாஸ்மா அந்த ஜன்னலை அப்படியே ஒரு படமாக எடுத்து ஒன்றரை மடங்கு இழுத்துக் காட்டுகிறது. ஒரு பிக்சலை ஒன்றரைப் பிக்சலாகக் காட்ட வழியில்லை, ஓரத்தில் கலந்துதான் ஆக வேண்டும். எனக்கோ ஓரம்தான் வேலையே.

தீர்வு டிஸ்ப்ளே அமைப்பிலேயே, ஸ்கேலிங்குக்குக் கீழே இருக்கிறது. பழைய எக்ஸ்11 செயலிகளைச் சிஸ்டம் பெரிதாக்க வேண்டுமா, அவையே பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தால் கிம்ப்பின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகவே வரும். எழுத்து அளவு மட்டும் கூடும். ஐகான்களைக் கிம்ப்பின் விருப்பங்களில் தனியாகப் பெரிதாக்கிக்கொண்டேன். வேறு சில பழைய செயலிகள் இதனால் பொடியாகிப் போயின. எனக்கு அவை அடிக்கடி தேவைப்படாததால் விட்டுவிட்டேன்.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது. அதோடு கிம்ப் 3.0, பிளாஸ்மா 6.3. கிம்ப் 3 ஜிடிகே 3க்கு மாறி வேலண்டில் நேராக ஓடுகிறது என்றதும் இனித் தொல்லை விட்டது என்றுதான் தோன்றும். அப்படியில்லை. ஜிடிகே 3க்கு முழு மடங்குகள்தான் தெரியும். 150 என்றால் இரண்டு மடங்காக வரைந்து கொடுக்கும், அதைப் பிளாஸ்மா சுருக்கும், சுருக்கும்போது மறுபடியும் கலங்கும். முன்னால் இழுத்ததால் வந்தது, இப்போது சுருக்குவதால் வருகிறது. கிம்ப்பைத் தொடங்கும்போது மட்டும் ஜிடிகே பேக்எண்ட் (GDK_BACKEND) என்ற சூழல் மாறியை எக்ஸ்11 என்று கொடுத்து, பழைய வழியிலேயே ஓட்டுகிறேன். கிராப் கூர்மையாக இருக்கிறது. புதிய அடித்தளத்துக்கு வந்த செயலியைப் பழைய வாசல் வழியாக உள்ளே விடுவது விசித்திரம்தான், ஆனால் வேலை நடக்கிறது.

பிளாஸ்மா 6.3ல் எனக்குக் கிடைத்த லாபம் வேறொன்று. திரையைப் பெரிதாக்கும் ஜூம் வசதியில் மிக அதிகமாகப் போனால், கலங்காமல் பிக்சல்களை அப்படியே காட்டி, மேலே கட்டம் போட்டுவிடுகிறது. யாருக்காகச் செய்தார்களோ, கிராப் போடுகிறவனுக்காகவே செய்தது மாதிரி இருக்கிறது.

இன்னொரு பயன், இது 4கேயால் வந்தது. பாவும் ஊடையும் ஒரே நெருக்கத்தில் இருப்பதில்லை. அங்குலத்துக்கு 80 இழை, 64 ஊடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிம்ப்பில் படத்தின் கிடை, குத்து ரெசல்யூஷனை அப்படியே கொடுத்து, காட்சி மெனுவில் டாட் ஃபார் டாட்டை எடுத்துவிட்டு, மானிட்டர் ரெசல்யூஷனை 163 என்று சொல்லிவிட்டால், புட்டா நெய்த பிறகு எவ்வளவு பெரிதாக இருக்குமோ அதே அளவில் திரையில் நிற்கும். தறிக்காரர் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தார், சரியாக இருந்தது. சில மானிட்டர்கள் இடிஐடியில் திரையின் உண்மையான அகல உயரத்துக்குப் பதிலாக 160க்கு 90 மில்லிமீட்டர் என்று வெறும் விகிதத்தை எழுதி வைத்திருக்கும். அதனால் தானாக வரும் எண்ணை நம்பாமல் ஸ்கேல் வைத்து அளப்பது நல்லது.

அப்புறம் அந்தக் கறுப்புத் திரை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென ஒரு நொடி அணைந்து வரும். பக்கத்து ஷெட்டில் விசைத்தறி மோட்டார் போடும் நேரங்களில் அதிகம். நாற்காலியிலிருந்து எழுந்தாலும் சில சமயம் வரும். இதைச் சொன்னால் வீட்டில் சிரித்தார்கள். ஆனால் கேஸ் லிஃப்ட் நாற்காலியில் உட்கார்ந்து எழும்போது உண்டாகும் மின்பொறி வீடியோ கேபிளில் ஏறித் திரையை அணைப்பது பலரும் பதிவு செய்திருக்கும் விஷயம். என் கேபிள் 3 மீட்டர், கடையில் விலை குறைந்ததைக் கேட்டு வாங்கியது. கம்ப்யூட்டரை அணைத்தாலும் மானிட்டரிலிருந்து மின்சாரத்தை இழுத்து அதன் போர்டில் விளக்கு மினுங்குவதையும் கவனித்தேன். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் 20ஆம் பின் இரு முனைகளையும் இணைக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.3 வோல்ட் மின்சாரம் உண்டு. மலிவுக் கேபிள்களில் அதையும் சேர்த்து இணைத்துவிடுகிறார்கள், மானிட்டரின் மின்சாரம் கம்ப்யூட்டருக்குள் ஏறுகிறது. டிஸ்ப்ளேபோர்ட் தரத்தை வகுக்கும் வெசா அமைப்பின் சான்று பெற்ற, ஒன்றரை மீட்டர் கேபிளுக்கு மாறியதும் மினுங்கல் நின்றது, கறுப்புத் திரையும் ஏறக்குறைய நின்றது. மோட்டாருக்கு மட்டும் எப்போதாவது ஒருமுறை கண் சிமிட்டும். அதற்கு மேல் நானும் நோண்டவில்லை. மே மாதச் சாயங்காலங்களில் சேர்வராயன் மலைப் பக்கம் கறுத்தால் பிளக்கையே பிடுங்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம், அதில் மாற்றமில்லை.

வெளிச்சத்துக்கு மானிட்டரின் பின்னால் கைவிட்டுப் பொத்தான் தடவ வேண்டாம். டிடிசியூடில் என்ற நிரல் கேபிள் வழியாகவே மானிட்டரோடு பேசும், 10 என்ற எண்ணுள்ள கட்டுப்பாடு வெளிச்சம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டு ஷார்ட்கட் வைத்திருந்தேன். இப்போது பிளாஸ்மாவே கீழ்ப் பட்டியில் அதைக் கொடுத்துவிட்டது.

தீராதது தூக்கம்தான். மானிட்டர் ஆழ்ந்து தூங்கினால் டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பையே விட்டுவிடுகிறது. கம்ப்யூட்டர் மானிட்டரைக் கழற்றிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. எழுப்பினால் சில நாள் ஜன்னல்கள் இடம் மாறிக் கிடக்கும், சில நாள் படமே வராமல் பவர் பொத்தானைத் தொட வேண்டியிருக்கும். மானிட்டர் மெனுவில் டீப் ஸ்லீப்பையும் உள்ளீட்டைத் தானே தேடுவதையும் அணைத்தபின் பெருமளவு குறைந்தது, முழுவதும் போகவில்லை. திரையின் இடது மேல் பக்கம் எப்போதும் சிவப்பாக எரியும் ஒரு துணைப்பிக்சலும் உண்டு. ஒன்றுக்கெல்லாம் மாற்றித் தர முடியாது என்றார்கள். இந்த மாதிரிக் குறைகளை ஐஎஸ்ஓ 9241-307 தரமே வகுப்பு வைத்துக் கொஞ்சம் அனுமதிக்கிறது, அதனால் சண்டை போடவும் இடமில்லை. கறுப்புக் கிராப்பில் அது ஒரு தப்பான கட்டம் மாதிரியே தெரியும். அந்த மூலையில் டூல் பெட்டியை வைத்துவிட்டேன்.

இளம்பிள்ளையில் இதே தொழில் செய்யும் நண்பர் 43 அங்குல டிவியை மானிட்டராக மாட்டிப் பார்த்தார். ஓரங்கள் வெட்டுப்பட்டன, கறுப்பில் போட்ட ஒற்றைச் சிவப்பு இழை கசிந்து தெரிந்தது. டிவியைப் பிசி நிலைக்கு மாற்றியதும் ஓரம் சரியானது. இழைக் கசிவு போகவில்லை, ஏனென்றால் நிறத் தகவலைக் கால்வாசியாகக் குறைக்கும் 4:2:0 முறையில் படம் போய்க்கொண்டிருந்தது. என்ன வாங்கலாம் என்று என்னிடம் கேட்டபோது, "4கே வேண்டாங்க, 27 அங்குலத்திலேயே 2560க்கு 1440 எடுங்க" என்றேன். அங்குலத்துக்கு 109 பிக்சல் வரும், 100 சதவீதத்திலேயே எழுத்துப் படிக்க முடியும், ஸ்கேலிங் தலைவலியே கிடையாது. அவருடைய பழைய மெஷினின் எச்டிஎம்ஐ 1.4லேயே 60 ஹெர்ட்ஸ் ஓடும். வாங்கி மாட்டினார். ஆர்ஜிபி வீச்சைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை, 1440 டிவி அளவுப் பட்டியலில் இல்லையே.